80 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறதா வானம்?

குடை எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று போனில் பார்த்துவிட்டுக் கிளம்புகிற பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. அந்தச் சின்ன மேகப் படத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய புரோகிராம் ஓடுகிறது என்று சிலர் யோசித்திருப்பீர்கள். ஆனால் அந்த புரோகிராமில் வானம் எந்த உயரத்தில் முடிகிறது என்ற கேள்வி யாருக்கும் வந்திருக்காது. வானத்துக்கு ஏது முடிவு என்பீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வானத்துக்கு முடிவு உண்டு. ‘இதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம்’ என்று யாரோ ஒருவர் ஓர் எண்ணைக் கொடுத்து நிறுத்தியிருப்பார். மாடல் எழுதுகிறவர்கள் அதை மூடி என்றே சொல்கிறார்கள், பானைக்குப் போடுகிற மூடி மாதிரி.

நொய்டாவில் இருக்கும் தேசிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம், பிரிட்டன் வானிலைத் துறையின் ‘யூனிஃபைடு மாடல்’ என்ற சாப்ட்வேரை நம் நாட்டுக்கு ஏற்ற மாதிரி அமைத்துப் பயன்படுத்துகிறது. அங்கே பல ஆண்டுகள் ஓடிவந்த 12 கி.மீ. வடிவத்தில் காற்றை 70 அடுக்குகளாக வெட்டியிருந்தார்கள். 70-வது அடுக்குக்கு மேல், அதாவது 80 கி.மீ. உயரத்தில், மூடி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் உள்ள கிருஷ்ணாபுரம் என்றால் எல்லோருக்கும் கோயில் சிற்பங்கள்தான் நினைவுக்கு வரும். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டு புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1992-ல் ஒரு ரேடார் வேலை செய்யத் தொடங்கியது. அது காற்றின் வேகத்தை நன்றாக அளந்து கொடுக்கிற உயரம் எது தெரியுமா? சுமார் 80 கி.மீ. முதல் 98 கி.மீ. வரை!

ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்குகிறது. இந்த இரண்டையும் இணைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நம் மாடலின் மூடியை மேலே தூக்க வேண்டும். தூக்கியபின் வருகிற விடையை முதலில் கிருஷ்ணாபுரம் அளந்து வைத்திருக்கும் காற்றோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். இதை விஞ்ஞானியாகச் சொல்லவில்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்து, இங்கேயே எஞ்சினியரிங் படித்துவிட்டு, இப்போது சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனாகச் சொல்கிறேன்.

சேரன்மகாதேவி முதல் தும்பா வரை

உயரங்களைக் கிலோமீட்டரில் சொன்னால் மனதில் நிற்காது. எனவே ஒரு வேலை செய்வோம். திருநெல்வேலியிலிருந்து மேற்கே, பறவை பறக்கிற நேர்க்கோட்டில் ஒரு பாதை போடுங்கள். பிறகு அந்தப் பாதையை அப்படியே நிமிர்த்தி வானத்தை நோக்கி நட்டுவிடுங்கள்.

சேரன்மகாதேவி போய்ச் சேர்வதற்குள், அதாவது சுமார் 17 கிலோமீட்டரில், மழை, இடி, மேகம் எல்லாம் முடிந்துவிடும். வீரவநல்லூர் தாண்டினால் ஓசோன் அதிகம் உள்ள பகுதி. பொதிகை உச்சி வரும்போது 50 கி.மீ., ஸ்ட்ராட்டோஸ்பியர் முடிந்து மீசோஸ்பியர் தொடங்குகிற இடம். மலையைத் தாண்டி நெடுமங்காடு பக்கம் போகும்போது 80 கி.மீ. ஆகியிருக்கும். நாம் சொன்ன மூடி அங்கேதான். தும்பா கடற்கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் பாக்கி இருக்கும்போதே புரோகிராம் நின்றுவிடுகிறது.

தும்பாவைச் சும்மா சொல்லவில்லை. இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பியதற்குக் காரணமே, பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போவதுதான். திருநெல்வேலியும் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. காந்த ஊசியைத் தொங்கவிட்டால் இங்கே ஏறக்குறைய படுக்கையாக நிற்கும். இந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி கிழக்கு நோக்கி ஓடுகிறது. இதற்கு எலக்ட்ரோஜெட் என்று பெயர். கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் சில நூறு கி.மீ. மட்டுமே இதன் அகலம். உலகத்தில் எல்லா ஊருக்கு மேலும் இது ஓடுவதில்லை. நமக்கு மேலே ஓடுகிறது.

அதற்கும் மேலே? அமெரிக்காவின் வாக்கம்-எக்ஸ் என்ற மாடல் தரையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேலும் கணக்குப் போடுகிறது. நம் அளவுகோலில் அது கிட்டத்தட்ட சென்னை.

மூடி போட்டால் என்ன கெட்டுப்போகிறது?

க்ளைமேட் மாடல் என்பது அடிப்படையில் ஒரு மிகப் பெரிய எக்ஸெல் ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியைச் சுற்றியுள்ள காற்றைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பம், அழுத்தம், காற்று வேகம், ஈரம் என்று சில எண்கள். பக்கத்துப் பெட்டியின் எண்களைப் பார்த்து இந்தப் பெட்டியின் அடுத்த எண்ணைக் கணக்கிடுகிறோம். சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்று நூறு ஆண்டுகளுக்கு இதையே திரும்பத் திரும்பச் செய்தால் அதுதான் க்ளைமேட் சிமுலேஷன். 2003-ல் க்ளைமேட் பிரெடிக்‌ஷன் டாட் நெட் என்ற திட்டத்தில் இந்த மாதிரி மாடல் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டர்களிலேயே ஓட விட்டார்கள். நாம் வேலை செய்யாத நேரத்தில் பிராசசர் அதைப் பார்த்துக்கொள்ளும். அதில் காற்றுக்கு 19 அடுக்குகள்தான்.

கடைசிப் பெட்டிக்கு மேலே பெட்டி இல்லை அல்லவா? அங்கேதான் சிக்கல். கீழே எழும்புகிற அலைகள் மேலே போய் மூடியில் முட்டித் திரும்பி வரும். தண்ணீர்த் தொட்டியில் கை விட்டால் அலை சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி. நிஜமான வானத்தில் அப்படிச் சுவர் எதுவும் இல்லை. திரும்பி வருகிற பொய் அலை கீழே உள்ள கணக்கையும் கெடுத்துவிடும். இதைத் தடுக்க மேல் அடுக்குகளில் ‘பஞ்சு’ வைப்பார்கள். அதாவது அங்கே வருகிற அலைகளைச் செயற்கையாக அடக்கிவிடுகிற ஒரு கணக்கு. எனவே 80 கி.மீ. வரை மாடல் இருக்கிறது என்றால் 80 கி.மீ. வரை நம்பலாம் என்று அர்த்தமில்லை. பஞ்சு இருக்கிற பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அலை, அலை என்கிறேனே, அது என்ன அலை? தென்மேற்குப் பருவக்காற்று பொதிகை மலையில் மோதி மேலெழும்போது காற்றில் அலைகள் கிளம்புகின்றன. இடிமேகம் குமுறி எழும்போதும் கிளம்புகின்றன. இவற்றுக்கு கிராவிட்டி வேவ் என்று பெயர். (ஐன்ஸ்டீன் சொன்னது வேறு, இதையும் அதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதைத் தவிர, கடலில் ஓதம் ஏறி இறங்குகிற மாதிரி, வெயில் ஏறி இறங்குவதால் காற்றிலும் ஒரு நாளுக்கு ஒரு முறை, இரண்டு முறை என்று பெரிய ஓதங்கள் உண்டு.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆனால் அலையின் ஆற்றல் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. எனவே அலை பெருக்கிறது. சாட்டையைச் சொடுக்கிப் பாருங்கள். பிடி தடிமன், நுனி மெலிசு. கை அசைவது கொஞ்சம்தான், ஆனால் நுனி ‘படீர்’ என்று வெடிக்கிறது. கணக்குப்படி, வழியில் எதுவும் தடுக்காவிட்டால், மேகத்தின் தலையில் கிளம்புகிற அலை 95 கி.மீ. போகும்போது சில நூறு மடங்கு பெருத்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் போவதற்குள் பெரும்பாலானவை உவரிக் கடற்கரையில் அலை உடைகிற மாதிரி உடைந்துவிடுகின்றன. உடையும்போது அங்குள்ள காற்றைத் தள்ளிவிடுகின்றன. அந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பெரிய அளவில் இந்தத் தள்ளல்தான் தீர்மானிக்கிறது. நாம் எந்த உயரத்தில் மூடி போட்டிருக்கிறோம்? சாட்டையின் நுனிக்குச் சற்று முன்னால்!

மூடிக்கு மேலே நடப்பது நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்தால், வட துருவத்துக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தொடர்பைக் கேளுங்கள். சில குளிர்காலங்களில் வட துருவத்துக்கு மேல் 30 கி.மீ. உயரத்தில் காற்று சில நாட்களிலேயே பல பத்து டிகிரி சூடாகிவிடும். 2009 ஜனவரியில் நடந்தது பெரியது, 50 டிகிரிக்கு மேல். அந்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றில் கிருஷ்ணாபுரம் விஞ்ஞானிகள், இப்படிப்பட்ட பெரிய சூடேற்றங்கள் நடந்த குளிர்காலங்களில் திருநெல்வேலிக்கு மேலே ஒரு நாளுக்கு இரண்டு முறை வரும் ஓதம் பலத்துப் போனதையும், பிற்பகலில் எலக்ட்ரோஜெட் திசை திரும்பி மேற்கு நோக்கி ஓடியதையும் சேர்த்துக் காட்டினார்கள். துருவத்தில் சூடு, நெல்லைக்கு மேலே மின்சாரம் தலைகீழ். இதை 80 கிலோமீட்டரில் நிற்கிற எந்த புரோகிராமும் சொல்ல முடியாது. 105 கி.மீ. மட்டும் பார்க்கிற புரோகிராமும் சொல்ல முடியாது, அதற்குத் துருவத்தில் நடந்தது தெரியாது. தரையிலிருந்து மேலே வரை ஒரே புரோகிராமாக இருந்தால்தான் உண்டு.

அப்படிப்பட்ட மாடல்களை மற்றவர்கள் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியின் ஹம்மோனியா 250 கி.மீ. வரை போகிறது, அதைப் பற்றிய கட்டுரை 2006-ல் வந்தது. ஜப்பானில் காயா என்ற மாடல் இருக்கிறது. அமெரிக்காவின் நோவா அமைப்பு தன் வானிலை மாடலையே 150 அடுக்குகளாக்கி 600 கி.மீ. வரை நீட்டி, 2021 முதல் அன்றாடம் விண்வெளி வானிலை சொல்லவும் பயன்படுத்துகிறது. பிரிட்டனில் யூனிஃபைடு மாடலின் மூடியை 100 கிலோமீட்டருக்கு மேலே கொண்டுபோகும் வேலை நடந்திருக்கிறது. நொய்டாவில் ஓடுவது அதே குடும்பத்து சாப்ட்வேர் என்பதை மறந்துவிட வேண்டாம். அண்ணன் வீட்டில் மாடி கட்டிவிட்டார்கள், தம்பி வீட்டிலும் அஸ்திவாரம் அதேதான்.

கீழே சூடு, மேலே குளிர்

இதில் எனக்கு மிகவும் வியப்பான விஷயம் இதுதான். கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அதே கார்பன் டை ஆக்சைடு மேலே காற்றைக் குளிர வைக்கிறது! கீழே காற்று நெருக்கமாக இருப்பதால் அது வெளியிடும் வெப்பக்கதிரை அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்கிறது. மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கே கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள், மற்ற அணுக்கள் மீது மோதி வாங்கிய ஆற்றலை நேராக விண்வெளிக்கு அனுப்பிவிடுகின்றன. கீழே போர்வை, மேலே ரேடியேட்டர். உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் மேல் இருக்கிற ஹீட் சிங்க் மாதிரி என்றும் சொல்லலாம்.

அமெரிக்க விஞ்ஞானிகள் ரோபிள், டிக்கின்சன் இருவரும் 1989-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இரட்டிப்பானால் மீசோஸ்பியர் சுமார் 10 டிகிரியும், அதற்கு மேலுள்ள தெர்மோஸ்பியர் சுமார் 50 டிகிரியும் குளிரும் என்பது அவர்கள் கணக்கு. கிருஷ்ணாபுரம் ரேடார் தொடங்கிய 1992-ல் காற்றில் பத்து லட்சத்தில் 356 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. 2024-ல் அது 420-ஐத் தாண்டியிருந்தது. 2001 டிசம்பரில் ஏவப்பட்ட டைமட் செயற்கைக்கோள் மேலே குளிர்ந்து வருவதை அளந்திருக்கிறது.

குளிர்ந்தால் காற்று சுருங்கும். சுருங்கினால் 400 கி.மீ. உயரத்தில் காற்று இன்னும் மெலியும். பத்தாண்டுக்குச் சுமார் 2 சதவீதமோ சற்று அதிகமோ மெலிகிறது என்று செயற்கைக்கோள்களின் பாதைகளை வைத்துக் கண்டிருக்கிறார்கள். ‘நல்லதுதானே, செயற்கைக்கோள் நீண்ட நாள் சுற்றும்’ என்று தோன்றும். குப்பையும் நீண்ட நாள் சுற்றும்! உடைந்த ராக்கெட் துண்டுகளைக் கீழே இழுத்து எரித்துத் துப்புரவு செய்கிற ஒரே ஆள் அந்த மெல்லிய காற்றுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 பிப்ரவரி 3-ல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, அடுத்த சில நாட்களில் வீழ்ந்து எரிந்தன. சூரியப் புயலால் மேலே காற்று சூடாகி உப்பியது, 210 கி.மீ. உயரத்தில் இருந்தவை தாக்குப்பிடிக்கவில்லை.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று விட முடியாது. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். சின்ன ராக்கெட் என்றால் தாழ்வான சுற்றுப்பாதை. எஞ்சினை நாமே சோதிப்போம், ஏவுதளத்தையும் நாமே கட்டுவோம். செயற்கைக்கோள் போய்ச் சேருகிற இடத்தின் வானிலையை மட்டும் அடுத்தவர் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்துக்கொள்வோம் என்றால் எப்படி?

கோடில் என்ன மாற்ற வேண்டும்

‘அடுக்குகளின் எண்ணிக்கையை 70-லிருந்து 150 ஆக்கினால் போச்சு’ என்று நம் துறை நண்பர்கள் சொல்வார்கள். அவ்வளவு சுலபமில்லை. பெரிய புரோகிராம்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஹார்டு கோடிங் என்றால் என்ன தலைவலி என்று தெரியும். கீழ் வானத்துக்கு எழுதிய மாடலில் எத்தனையோ எண்களை மாறாதவை என்று வைத்திருப்பார்கள். காற்றின் கலவை எங்கும் ஒன்றுதான் என்பது அதில் ஒன்று. சுமார் 100 கி.மீ. வரை அது சரி. அதற்கு மேல் காற்று கலப்பதில்லை. கனமான வாயு கீழேயும் லேசானது மேலேயும் என்று பிரிந்துவிடும், ஆக்சிஜன் அணு அணுவாக உடைந்து கிடக்கும். எனவே காற்றின் சராசரி எடை, அதைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் எல்லாம் உயரத்துக்கு உயரம் மாறும். கான்ஸ்டன்ட் என்று எழுதியதை எல்லாம் தேடிப்பிடித்து வேரியபிள் ஆக்க வேண்டும். புவியீர்ப்பும் அப்படித்தான். 100 கிலோமீட்டரில் 3 சதவீதம் குறைவு, விட்டுவிடலாம். 500 கிலோமீட்டரில் 14 சதவீதம் குறைவு, விட முடியாது.

அங்கே காற்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் வீசும் என்பதால் கணக்கின் கால இடைவெளியையும் சுருக்க வேண்டும். மின்சாரம், காந்தம் வேறு சேர்ந்துகொள்கிறது. எல்லாம் பிராசசர் நேரத்தை விழுங்குகிற வேலை. ஆனால் இயந்திரம் இல்லை என்று இனி சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்களை வானிலைக்காகவே திறந்தார்கள். முதலாவது 11.77 பெட்டாஃபிளாப், இரண்டாவது 8.24. முழு நேரமும் கேட்கவில்லை, ஒரு மூலை கொடுத்தால் போதும்.

டெஸ்ட் டேட்டா நம் கையில்

எந்த சாப்ட்வேரையும் சோதிக்காமல் வெளியே விடக்கூடாது என்று முதல் மாதமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 90 கி.மீ. உயரக் காற்றுக்கு டெஸ்ட் டேட்டா எங்கே கிடைக்கும்? பலூன் 40 கி.மீ. போவதே பெரிது. செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்றினால் விழுந்துவிடும். ராக்கெட் சில நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். டைமட் போன்ற செயற்கைக்கோள் மேலிருந்து அளக்கும், ஆனால் ஓர் ஊரை எல்லா மணி நேரங்களிலும் பார்த்து முடிக்க அதற்குச் சுமார் 60 நாட்கள் தேவை. ஓதம் என்பது ஒரே நாளுக்குள் ஏறி இறங்குவது. 60 நாள் டேட்டாவை ஒட்டி ஒரு நாளை உருவாக்கினால் இன்றைய ஓதத்துக்கும் நேற்றைய ஓதத்துக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போய்விடும்.

தரையில் நிற்கிற ரேடார் 24 மணி நேரமும் ஒரே இடத்தைப் பார்க்கிறது. கிருஷ்ணாபுரத்து ரேடாரின் அலைவரிசை 1.98 மெகாஹெர்ட்ஸ், நம் வீட்டு ரேடியோவில் மீடியம் வேவ் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. அது மேலே அனுப்புகிற துடிப்பில் மிகச் சிறிய பங்கு, அங்குள்ள எலக்ட்ரான் திட்டுகளில் பட்டுத் திரும்புகிறது. தரையில் மூன்று இடங்களில் ஆன்டெனாக்கள். மேகத்தின் நிழல் வயலில் நகர்வது போல, திரும்பி வந்த எதிரொலியின் கோலமும் தரையில் நகர்கிறது. முதல் ஆன்டெனாவுக்கு வந்தது அடுத்ததற்கு எத்தனை நேரம் கழித்து வந்தது என்று பார்த்தால் மேலே காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். இத்தனை எளிய ஏற்பாட்டில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த டேட்டாவிலிருந்துதான், நம் தலைக்கு மேலே காற்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை திசை மாறி ஆடுவதையும், மூன்று மூன்றரை நாளில் ஒரு சுற்று முடிக்கும் கெல்வின் அலைகளையும் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள்.

டெஸ்ட் டேட்டாவிலும் கோளாறு இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரேடார் பார்ப்பது காற்றை அல்ல, எலக்ட்ரான்களை. பகலில், ரேடாரின் மேல் எல்லைக்கு அருகே, அந்த எலக்ட்ரான்களை எலக்ட்ரோஜெட்டின் மின்புலமும் இழுக்கிறது. எனவே அங்கே ரேடார் சொல்வது முழுக்கக் காற்றாக இருக்காது என்று அந்த ஆய்வுக்கூடத்தினரே 2000-ல் எழுதினார்கள். எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. காற்றையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிற மாடல் இருந்தால்தானே எது காற்று, எது மின்சாரம் என்று பிரித்துப் பார்க்க முடியும்? மாடலுக்கு ரேடார் தேவை, ரேடாருக்கும் மாடல் தேவை.

முதலில் மழையைச் சொல்லுங்கள்!

இந்தப் பேச்சை எடுத்தால் நம் ஊரில் உடனே வருகிற கேள்வி எனக்குத் தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அவ்வளவு மழை அங்கே கொட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத புரோகிராமை வைத்துக்கொண்டு 500 கி.மீ. உயரத்துக்குப் போகிறேன் என்கிறாயே, கீழே இருப்பதை முதலில் பார் என்பார்கள்.

நியாயமான கோபம். மூடியைத் தூக்கினால் அடுத்த தடவை காயல்பட்டினத்து மழையைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மழைக்கு வேண்டியது சின்னப் பெட்டிகள், அதிக ரேடார்கள், கடலிலிருந்து வருகிற ஈரத்தைச் சரியாக அளப்பது. அந்தப் பணத்தை எடுத்து இதில் போடச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் இது அந்தப் பணம் இல்லை. ரேடார் அளந்தாகிவிட்டது, சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, அடிப்படை மாடலும் இருக்கிறது. பாக்கி இருப்பது சில பேர் சில ஆண்டுகள் உட்கார்ந்து கோடு எழுதும் வேலை. அதற்கு ஆள் இல்லை என்று திருநெல்வேலியில் சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் படித்த காலத்தில் கடைசி வருட புராஜெக்டுக்கு விஷயம் கிடைக்காமல் நூலக மேலாண்மை சாப்ட்வேரை எத்தனை பேர் செய்தோம் தெரியுமா? அப்போது வகுப்பிலிருந்து கொஞ்ச தூரத்தில் வானத்தின் விளிம்பை ஒருவர் அளந்துகொண்டிருந்தார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதனால் நான் கேட்பது இரண்டு. நம் மாடலின் மூடியை முதலில் 120 கி.மீ. வரையாவது தூக்குங்கள், எலக்ட்ரோஜெட் உள்ளே வந்துவிடும். அடுத்து, கிருஷ்ணாபுரத்தின் மணிக்கொரு காற்று வேகத்தை 1992 முதல் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக, கல்லூரி மாணவன் யாரிடமும் கடிதம் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும்படி வையுங்கள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பத்து உயரங்களுக்கு எடுத்தாலும் பென் டிரைவின் ஒரு மூலைக்குக் காணாது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் வெளியிட்ட என்.ஆர்.எல்.எம்.எஸ்.ஐ.எஸ்.இ.-00 என்ற இலவச புரோகிராம். ஃபோர்ட்ரானில் எழுதியது, இப்போது பைதானிலும் கிடைக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலும் நொடியில் ஓடும். அட்சரேகை 8.7, தீர்க்கரேகை 77.8 என்று கொடுத்து, உயரத்தை 95 கி.மீ. என்று வைத்தால் நெல்லைக்கு மேலே வெப்பநிலை மைனஸ் 80 டிகிரியை ஒட்டி வரும். உயரத்தை ஏற்றிக்கொண்டே போனால் சில நூறு டிகிரி சூட்டுக்குப் போவதைப் பார்க்கலாம். ஆனால் இது பழைய அளவீடுகளின் சராசரியை வைத்துச் சொல்கிற புரோகிராம், பெட்டி பெட்டியாகக் கணக்குப் போடுகிற மாடல் அல்ல. ஒரு சோதனை செய்யுங்கள். சூரியனுக்கான எண்களை மாற்றாமல், 2000 மார்ச் 21 என்று ஒரு முறையும், 2024 மார்ச் 21 என்று ஒரு முறையும் ஓட விடுங்கள். இரண்டு தடவையும் வெப்பநிலை ஒன்றாகத்தான் இருக்கும். இடையில் காற்றில் ஏறிய கார்பன் டை ஆக்சைடு அதற்குத் தெரியாது.